ஸ்டார்லிங் படமும் குறைமாதக் குழந்தையும்

உடலியல் நூல்களில் ஒரு படத்தைப் பார்த்திருப்பீர்கள். இரத்தத் தந்துகியின் ஒரு முனையில் நீர் வெளியேறுவதைக் காட்டும் அம்பு. மறுமுனையில் நீர் உள்ளே திரும்புவதைக் காட்டும் அம்பு. வெளியே தள்ளுவது இரத்த அழுத்தம். உள்ளே இழுப்பது ஆல்புமின் முதலிய புரதங்களின் சவ்வூடு பரவல் அழுத்தம். 1896-இல் ஆங்கில அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் எடுத்துரைத்த கருத்து இது. கருத்தைக் குறைகூற வரவில்லை, படத்தைத்தான் குறைகூறுகிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். வளர்ந்தவரின் பிளாஸ்மாவில் லிட்டருக்குச் சுமார் 40 கிராம் ஆல்புமின் உண்டு. 28 வாரத்திற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்குச் சுமார் 20 கிராம்தான். மூலக்கூறு எடை 66,500 என்று கொண்டால், வான்ட் ஹாஃப் விதிப்படி முன்னவருக்கு 12 மி.மீ. பாதரச அழுத்தம், குழந்தைக்கு 6. (புரதத்தின் மின்னூட்டத்தையும் சேர்த்தால் உண்மை அழுத்தம் இன்னும் கூடும்.) பாதி குறைகிறதே, அதை ஏற்றிவிட்டால் போயிற்று என்று தோன்றுகிறதல்லவா? வகுப்பில் நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். இரத்த அழுத்தம் குறைந்த குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவர்களும் நெடுங்காலம் ஆல்புமின் ஏற்றிவந்தார்கள்.

1997-இல் ஹாங்காங் மருத்துவர்கள் இத்தகைய 63 குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு 5 சதவீத ஆல்புமினும் மறு பிரிவுக்கு வெறும் உப்புநீரும் கொடுத்து ஒப்பிட்டார்கள். அழுத்தத்தை உயர்த்துவதில் உப்புநீர் சற்றும் சளைக்கவில்லை. முதல் இரண்டு நாட்களில் உடலில் நீர் அதிகம் தேங்கியது ஆல்புமின் பெற்றவர்களுக்குத்தான்!

காரணம் என்ன? படத்தில் தந்துகியின் சுவர் ஒரே கோடு. புரதம் அதைத் தாண்டாது என்பது நம் கணக்கின் அடிப்படை. உண்மையில் அது கசியும் சுவர். நோயுற்ற குழந்தையிடம் கசிவு இன்னும் கூடும். வெளியே சென்ற ஆல்புமின் அங்கேயே நீரைப் பிடித்துவைக்கும். மேலும், இரத்த அழுத்தம் புரதத்தால் மட்டும் அமைவதில்லை. இதயத்தின் வலிமை, குழாய்களின் இறுக்கம், பிறந்தபின் மூடவேண்டிய நாளம் மூடாமலிருப்பது ஆகிய எதுவும் அந்தப் படத்தில் இல்லை. ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் மொத்த இரத்தமே 80, 90 மில்லிலிட்டர்தான். நாம் ஏற்றும் 10 மில்லிலிட்டர் அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு என்பதையும் படம் சொல்லாது.

இந்த ஆண்டு கரும்பலகையில் சுவரைப் புள்ளிக்கோடாக வரைந்தேன். இரண்டாவது அம்பை விட்டுவிட்டேன். "அப்படியானால் நீர் எப்படித் திரும்பும், சார்?" என்றாள் ஒரு மாணவி. பெரும்பாலான திசுக்களில் நிணநீர்க் குழாய்கள் வழியாகச் சென்று, கழுத்தருகே உள்ள சிரையில் கலக்கிறது.