யாருடைய குடல் அளவுகோல்?

பிரென்ச்லி, டூயெக் குழுவின் 2006 நேச்சர் மெடிசின் கட்டுரையை மறுபடி படிச்சேன். எச்ஐவி ஆரம்பத்திலேயே குடலின் சிடி4 செல்களை அழிக்குது. குடல்சுவர் பலவீனமாகி, பாக்டீரியாவின் எல்பிஎஸ் ரத்தத்தில் கசியுது. அதனால் எதிர்ப்புச்சக்தி ஓயாமல் தூண்டப்பட்டுக் களைத்துப்போகுது. அருமையான விளக்கம்தான்.

ஆனால் எல்பிஎஸ் கூடியிருக்குன்னா, யாரைவிடக் கூட? அங்கே அளவுகோல் அமெரிக்கக் குடல். வேலூர் சிஎம்சியின் பேக்கரும் மாத்தனும் 1972-லேயே எழுதிட்டாங்க: நோயில்லாத தென்னிந்தியர்களிடமும் குடலுறிஞ்சிகள் மழுங்கியிருக்கு, உறிஞ்சும் திறனும் குறைவு.

அப்போ காரைக்குடி நோயாளி ஒருத்தர் ரத்தத்தில் எல்பிஎஸ் கூடியிருந்தா, அது வைரஸோட வேலையா, குடிதண்ணியோட வேலையா? தொற்றில்லாத பக்கத்து வீட்டுக்காரர் ரத்தத்தையும் சோதிக்காமல் சொல்ல முடியாது. மாத்திரை மட்டும் போதுமா, சுத்தமான தண்ணியும் சிகிச்சையில் சேருமா என்பதற்கான பதில் அந்த ஒப்பீட்டில்தான் இருக்கு.