புல்வெளியில் எழுந்த தலைமையகங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் பல, நகர மையத்து அடுக்குமாடிகளை விட்டுப் புறநகர்ப் பசும்பரப்புகளுக்குக் குடிபெயர்ந்தபோது, ஆங்கிலேயப் பிரபுக்களின் மாளிகைத் தோட்ட மரபும் எஃகும் கண்ணாடியுமான நவீனக் கட்டடக்கலையும் கலந்து புதியதொரு கட்டட வகை உருவாயிற்று. இதனை விரிவாக ஆராய்ந்த லூயிஸ் மோசிங்கோ, நடுவெளியைச் சுற்றி ஆய்வுக்கூடங்கள் அமையும் வளாகம், உயர் நிர்வாகத்துக்கெனப் பரந்த நிலத்தில் தனித்து நிற்கும் எஸ்டேட், பல நிறுவனங்களுக்கு மனைகளாகப் பிரித்துத் தரப்படும் அலுவலகப் பூங்கா என மூவகை காண்கிறார். மூன்றாவது வகை வணிகத்தில் வென்றதேயன்றிக் கலைநோக்கில் நெடிது பேசத்தக்கதன்று.

வளாக வகையின் தலைச்சான்று, மிச்சிகன் மாநிலத்து வாரன் நகரில் ஈரோ சாரினென் வடிவமைத்து 1956இல் திறக்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் தொழில்நுட்ப மையமாகும். அங்கே 22 ஏக்கர் ஏரி செவ்வகமாக வெட்டப்பட்டது. மரங்கள் வரிசையில் நின்றன. நிலம் கட்டடத்தின் நேர்கோட்டுக்குப் பணிந்தது.

அப்பணிவை மறுத்த படைப்பு, இல்லினாய் மாநிலத்து மோலினில் 1964இல் திறக்கப்பட்ட, எஸ்டேட் வகையைச் சேர்ந்த டீர் நிறுவனத் தலைமையகம். உழவுக் கருவிகள் செய்யும் நிறுவனத்துக்கு மினுமினுக்கும் உலோகம் பொருந்தாது என்று கருதிய சாரினென், அதுவரை ரயில் பெட்டிகளில் புழங்கிய கார்-டென் எஃகைக் கட்டடத்தின் வெளித்தோற்றத்துக்குத் துணிந்து கொண்டார். இவ்வெஃகின் மேற்பரப்பில் படியும் துருவே இறுகி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும் படலமாகிவிடுவதால் பூச்சுத் தேவையில்லை. நிறமும் ஆண்டுகள் செல்லச்செல்ல உழுத மண்ணை நெருங்குகிறது. குன்றின் உச்சியை விட்டுப் பள்ளத்தின் குறுக்கே கட்டடத்தை இருத்தியதும், எஃகுப் பட்டைகளாலான வெயில்தடுப்புகளை வெளியே நீட்டி, ஒளியைத் திருப்பும் கண்ணாடியைப் பொருத்தித் திரைச்சீலை இன்றியே ஊழியர் மரங்களைக் காணச் செய்ததும் ஒரே எண்ணத்தின் இரு முகங்கள். சாரினென் 1961இல் மறைந்தபின் கெவின் ரோச்சும் ஜான் டிங்கலூவும் பணியை முடித்தனர். ஹிடியோ சசாகியின் நிறுவனம் அமைத்த ஏரிகளும் சோலைகளும் இயல்பாகவே தோன்றினாலும் அவையும் திட்டமிட்டுச் செய்யப்பட்டவையே என்பதை இயற்கையழகைப் புகழ்வோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

வாஷிங்டன் மாநிலத்து ஃபெடரல் வேயில் 1971இல் எழுந்த வேயர்ஹாயசர் நிறுவனத் தலைமையகம் இதற்கும் ஒரு படி மேலே சென்றது. எட்வர்ட் பாசெட், பீட்டர் வாக்கர் ஆகியோரின் கூட்டுப்படைப்பான அது, இரு மேடுகளுக்கிடையே அணைபோல் நீண்டு, தளந்தோறும் கொடி படர்ந்து, வெளியிலிருந்து காண்போருக்குக் கட்டடமா கரையா என்ற ஐயத்தை எழுப்புகிறது.

ஆகவே இம்மரபில் தரம் காண்பதற்கு முகப்பை மட்டும் நோக்குதல் போதாது. அணுகுசாலை எவ்வாறு வளைந்து வந்து கட்டடத்தைக் காட்டுகிறது, ஊர்திகள் நிற்கும் இடம் எங்கே மறைக்கப்பட்டது, மேசை முன் அமர்ந்தவர் எதைக் காண்கிறார் என்பவையே உரைகற்கள். காரில்லாதவர் எளிதில் அணுக முடியாத தொலைவில் இவை அமைந்தன என்ற குறையை எந்த வகையும் தீர்க்கவில்லை. ஒரே முதலாளிக்கென அளவெடுத்துக் கட்டியதால், அவர் வெளியேறியதும் பயன் தேடித் தவிக்கும் நிலையும் நேர்ந்தது. வேயர்ஹாயசர் 2016இல் சியாட்டிலுக்கு மாறியது. நியூ ஜெர்சி ஹோம்டெல்லில் சாரினென் எழுப்பிய பெல் ஆய்வகக் கட்டடமோ பின்னாளில் பெல் வொர்க்ஸ் என்ற பெயருடன் கடைகளும் அலுவலகங்களும் ஊர்ப் பொது நூலகமும் இயங்கும் இடமாயிற்று.