பிழையான விடைக்கும் காரணம் சொல்லும் செயலி

என்கிளெக்ஸ் பரீட்சையின் விபரங்கள் இந்நேரம் எல்லோருக்கும் மனப்பாடம்: 85 முதல் 150 வரை கேள்விகள், ஐந்து மணித்தியாலம், 2023 ஏப்ரலிலிருந்து ஒரே நோயாளரைப் பற்றி அடுத்தடுத்து வரும் ஆறு கேள்விகள். மாத்தளையில் இரவுக் கடமை முடித்து வந்து அமெரிக்க உரிமத்துக்குப் படிக்கும் தாதியருக்கு அவற்றைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. யூவேர்ல்ட் கேள்வி வங்கியோடு சில வாரங்கள் இருந்துவிட்டேன். அதற்குக் கொடுக்கும் காசு, கேள்விக்குக் கீழே வரும் விளக்கத்துக்கே தகும்.

'நால்வரில் யாரை முதலில் பார்ப்பீர்கள்?' என்ற ரகத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சத்திரசிகிச்சை முடிந்து வலியில் கத்துகிறார். ஒருவருக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஒட்சிசன் 90 வீதம். ஒருவருக்குச் சீனி 180. நான்காமவர் நேற்றுத் தைரொயிட் அகற்றப்பட்டவர்; உதட்டைச் சுற்றி விறுவிறுக்கிறது என்று மெல்லச் சொல்கிறார். நெரிசலான விடுதியில் பழகிய கால் கத்துகிற கட்டிலுக்குத்தான் போகும். போகவேண்டியது நான்காமவரிடம். பரா தைரொயிட் சுரப்பிகள் பாதிக்கப்பட்டுக் கல்சியம் இறங்குவதன் அடையாளம் அந்த விறுவிறுப்பு. விட்டால் குரல்வளை இறுகி மூச்சு அடைபடும். நுரையீரல் நோயாளருக்கோ 88 முதல் 92 வீதமே இலக்கு. பிழையான தெரிவு ஒவ்வொன்றும் ஏன் பிழை என்று இப்படி எடுத்துக் காட்டுவதால் ஒரு கேள்வியில் நான்கு பாடம் கிடைக்கிறது.

வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விகளில்தான் நம்மவர் சறுக்குவார்கள். அமெரிக்காவில் பதிவுபெற்ற தாதிக்கும் உதவியாளருக்கும் நடுவில் எல்பிஎன் என்றொரு படி உண்டு. நமது விடுதிகளில் தாதிய உத்தியோகத்தருக்கு அடுத்தது சிற்றூழியர்தான். முதல் மதிப்பீடும் நோயாளருக்குக் கற்பிப்பதும் பதிவுபெற்ற தாதியின் வேலை. நிலை சீரானவருக்கு வாய்வழி மருந்தை எல்பிஎன் கொடுக்கலாம். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் உதவியாளருக்கு. விளக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்துத்தான் இந்த எல்லைகள் எனக்குப் பிடிபட்டன.

வட்ஸ்அப் குழுக்களில் கைமாறும் திருட்டுப் பிடிஎஃப்களைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. வெறும் கேள்வி, பக்கத்தில் யாரோ வட்டமிட்ட விடை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. நீங்கள் தரும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தெரிவுசெய்யும் கணினிப் பரீட்சைக்கு அந்த மனப்பாடம் எதற்கு உதவும்? கடமை போக மிஞ்சும் நேரத்தையும் அது தின்றுவிடுகிறது.

2008 இல் எலிக்காய்ச்சல் பரவியபோது மாத்தளையும் அடிவாங்கிய மாவட்டம். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல், சிறுநீரும் குறைகிறது என்றால் எங்கள் தாதியர் உடனே உசாராவார்கள். அந்தக் கூர்மையை, இங்கே அதிகம் காணாத நோய்களுக்கும் நீட்டிக்கப் பழக்குகிறது இந்தச் செயலி.

சந்தா டொலரில், நாள் கணக்கில் ஓடும். ஆகவே பாடங்களை ஒருமுறை படித்து முடித்தபின் வாங்குங்கள். ஒரு நாளைக்கு 25 கேள்வி போதும். சரியாகப் போட்ட கேள்வியின் விளக்கத்தையும் கடைசி வரி வரை படியுங்கள். அதற்குப் பொறுமை உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம்.