அர்த்தம் அறியாத மொழிபெயர்ப்பாளன்

வெங்கி ராமகிருஷ்ணன் 2018-ல் வெளியிட்ட 'ஜீன் மெஷின்' என்ற ஆங்கிலப் புஸ்தகத்தை எனக்குக் கொடுத்த மாயவரத்து நண்பர், "நம்ம சிதம்பரத்துக்காரர்" என்று சொல்லிக் கொடுத்தார். சிதம்பரம் இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. 1952-ல் அங்கே பிறந்தவர் மூன்று வயதில் பரோடாவுக்குப் போய்விட்டார். ஊர்ப் பெருமையை அத்தோடு நிறுத்திக்கொண்டு புஸ்தகத்தைப் பார்ப்பதுதான் அவருக்கும் மரியாதை.

விஷயம் இதுதான். உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. நான்கே எழுத்துக்களில் எழுதிய சாஸனம். அதிலிருந்து தூது ஆர்.என்.ஏ. என்று ஒரு நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, இருபது வகை அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துப் புரதமாக்குவது ரைபோசோம். விஞ்ஞானிகளே இதை 'மொழிபெயர்ப்பு' என்கிறார்கள். மாயவரத்துக்காரன் இந்த வார்த்தையைச் சும்மா தாண்டிப் போக முடியாது. இங்கே முன்சீபாக இருந்தவரும், 1879-ல் தமிழின் முதல் நாவலை வெளியிட்டவருமான வேதநாயகம் பிள்ளை, அதற்கு முன்பே கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கியவர். ஒரு சொல் பிசகினால் ஒருவன் நிலம் போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

ரைபோசோம் அப்படிப்பட்ட மொழிபெயர்ப்பாளன் அல்ல. அதற்கு அர்த்தமே தெரியாது. கடத்து ஆர்.என்.ஏ. என்ற சிறு மூலக்கூறு, ஒரு முனையில் மூன்றெழுத்துக்கு ஜோடியையும் மறு முனையில் அமினோ அமிலத்தையும் ஏந்தி வருகிறது. 1962-ல் ஒரு சோதனையில், அது ஏந்தியிருந்த சிஸ்டீனை ரசாயன முறையில் அலனைனாக மாற்றிவிட்டார்கள். சிஸ்டீன் இருக்க வேண்டிய இடத்தில் ரைபோசோம் அலனைனைக் கோத்துவிட்டது. எழுத்தும் எழுத்தும் பொருந்துகின்றனவா என்பது ஒன்றே அதன் கவலை.

அதை எப்படிப் பார்க்கிறது? 2000-ல் ராமகிருஷ்ணனின் குழு பாக்டீரியா ரைபோசோமின் சிறு பகுதியை அணு அணுவாகப் படம் பிடித்தது. அதைத் தொடர்ந்து விடை கிடைத்தது. ரைபோசோமிலுள்ள இரண்டு அடினின்கள் வெளியே புரண்டு வந்து, ஜோடியின் வடிவத்தைத் தொட்டுப் பார்க்கின்றன. முதல் இரண்டு எழுத்தில் கறார். மூன்றாவதில் கொஞ்சம் தாட்சண்யம். ஸ்ட்ரெப்டோமைசின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கறாரைக் கெடுக்கிறது. தப்பான ஜோடிகள் தேறிவிடுகின்றன. பாக்டீரியா பிழையான புரதங்களோடு தத்தளிக்கிறது.

என் தாய்மாமா காசநோய்க்கு அந்த ஊசி போட்டுக்கொண்டு பிழைத்தார். "காதைக் கொடுத்து உசிரை வாங்கினேன்டா" என்பார். நம் உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி ரைபோசோம் உண்டு. அது பாக்டீரியாவின் ரைபோசோமுக்கு உறவு. சிலருக்குத் தாய்வழியில் அதில் ஓர் எழுத்து மாறி வந்திருக்கும். அவர்களுக்கு இந்த வகை ஊசியில் காது கெட்டுவிடுகிறது. மாமாவுக்கு அதுதானா என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் அவரும் என் அம்மாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அவருக்கு அந்த எழுத்து இருந்திருந்தால் எனக்கும் இருக்கும்.

அதனால்தான் புஸ்தகத்தின் மேல் எனக்குச் சற்று மனக்குறை. 2009-ல் நோபல் பரிசைத் தம்மோடு பகிர்ந்துகொண்ட ஆடா யோனத், தாமஸ் ஸ்டைட்ஸ் ஆகியோருடன் நடந்த போட்டியை அவர் ஸ்வாரஸ்யமாகச் சொல்கிறார். தமக்கும் பரிசாசை இருந்ததை ஒளிக்கவில்லை. பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, உயிரியலில் மறுபடி மாணவனாக உட்கார்ந்ததையும் சொல்கிறார். நாவலாசிரியனுக்கு இதெல்லாம் விருந்துதான். ஆனால் போட்டி நிறையப் பக்கங்களைத் தின்றுவிடுகிறது. வீட்டுக்குள் வந்து நிற்கும் விஷயத்துக்கு இன்னும் பத்துப் பக்கம் கொடுத்திருக்கலாம்.

இருந்தாலும் படிக்க வேண்டிய புஸ்தகம். இனி டாக்டர் எனக்கு ஊசி எழுதினால், மாமாவின் காதைப் பற்றி முதலில் சொல்லிவிடுவேன். இத்தனை நாள் சொல்லத் தோன்றியதில்லை.