இரண்டு லிட்டர் என்பது எந்த அளவு? டேபிள்டாப் கிரைண்டர் மீது ஒரு விமர்சனம்

"இனிமே பாக்கெட் மாவே வாங்கிடுப்பா" என்று அம்மா போன மாதம் சொன்னார். எங்கள் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. கடை மாவை "சோடா மாவு" என்று திட்டிக்கொண்டே நாற்பது வருஷம் வீட்டில் அரைத்தவர். போன வருஷம் இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்து, கூடிவிட்டது. உளுந்து ஊறப்போட முடிகிறது, பதம் பார்க்க முடிகிறது. கிரைண்டரின் டிரம்மைத் தூக்க மட்டும் முடியவில்லை.

கிரைண்டர் பழுதா என்றால், இல்லை. மோட்டார் நன்றாக ஓடுகிறது, கல்லும் தேயவில்லை. நன்றாக ஓடும் மெஷின் ஒருவரை ஏன் வேலையிலிருந்து நிறுத்துகிறது? இந்தக் கேள்விதான் என்னை டேப்பும் எடை மெஷினுமாக அடுப்படிக்குள் அனுப்பியது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். ஆட்டுக்கல்லில் கல் அப்படியே நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் இதைத் தலைகீழாக்கினார்கள். பாத்திரம் சுற்றுகிறது, குழவி நின்ற இடத்தில் உருள்கிறது. 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கியதிலிருந்து இதன் கதையைச் சொல்வார்கள். இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்ற பொருள். கூடத்தின் மூலையில் நின்றிருந்த அந்தப் பெரிய மெஷின், பிறகு மேடை மேல் வைக்கிற டேபிள்டாப் ஆனது. ஒற்றைக் குழவி போய், கூம்பு வடிவிலோ உருளை வடிவிலோ இரண்டு மூன்று சின்னக் கற்கள் வந்தன. 500 முதல் 750 வாட் வரை இழுக்கிற மிக்ஸியில் மாவு சூடாகிறது. 150 வாட் கிரைண்டர் நிதானமாக, சூடேற்றாமல், காற்றையும் சேர்த்துக் குழைத்து உளுந்தைப் பொங்க வைக்கிறது. பொறியியல் என்ற அளவில் இது அருமையான வேலை.

குறை, வடிவமைப்பு எதைக் கணக்கில் எடுத்தது என்பதில் இருக்கிறது.

எங்கள் பிளாட்டின் அடுப்படி எட்டுக்கு ஆறு அடி. மேடையில் அடுப்பு, தண்ணீர் ஃபில்டர், மிக்ஸி போக மிச்சம் ஒன்றரை அடி. அங்கேதான் காய் நறுக்கணும், அங்கேதான் சப்பாத்தி தேய்க்கணும். அதனால் கிரைண்டர் குடியிருப்பது மேடைக்குக் கீழே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்த வேலையையும் நேரம் வைத்துப் பார்த்தேன். உளுந்தும் அரிசியும் சேர்த்து அரைபட்டது 50 நிமிடம். அந்த நேரத்தில் நமக்கு வேலை, அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது, ஓரத்து மாவைத் தள்ளிவிடுவது, அவ்வளவுதான். ஆனால் குனிந்து மெஷினை வெளியே எடுப்பது, மேடையில் இடம் ஒதுக்குவது, டிரம்மைத் தூக்குவது, மாவை வழிப்பது, கல்லைக் கழற்றிக் கழுவுவது, காயவைத்துத் திரும்ப உள்ளே வைப்பது, இதற்கெல்லாம் 27 நிமிடம். டிரம், கல், மாவு மூன்றும் சேர்ந்து எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். அந்த எட்டு கிலோவுக்குக் கைப்பிடியே இல்லை. ஈரமான ஸ்டீல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்க வேண்டும்.

ஆக, சுற்றுகிற வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது, தூக்குகிற வேலையையும் கழுவுகிற வேலையையும் நம்மிடமே விட்டுவிட்டது. கூடத்தில் நிரந்தர இடம் பிடித்திருந்த காலத்தில் இந்த மிச்ச வேலை பாதிதான் இருந்தது. மெஷினைச் சின்னதாக்கி மேடைக்குக் கீழே அனுப்பியதும் அது கூடிவிட்டது. எங்கள் மென்பொருள் தொழிலிலும் இந்தத் தப்பை நிறையப் பார்த்திருக்கிறேன். புரோகிராம் ஓடுகிற வேகத்தை மட்டும் அளந்து பெருமைப்படுவோம், அதை நிறுவிப் பராமரிக்கிறவர் படும் பாடு எந்த அட்டவணையிலும் வராது. கிரைண்டர் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். லிட்டர், வாட், வாரண்டி வருஷம் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். டிரம் எத்தனை கிலோ, கழுவ எத்தனை நிமிடம் என்று எங்கள் வீட்டுப் பெட்டியில் தேடிப் பார்த்தேன், இல்லை.

சின்ன அடுப்படியை வேறு மாதிரி அளந்தவர்களும் உண்டு. 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது அமைந்தது. ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குட்டிச் சமையலறை அவருக்கு ஒரு முன்மாதிரி. சமைப்பவர் எங்கே நிற்கிறார், எத்தனை அடி நடக்கிறார், எதற்குக் கை நீட்டுகிறார் என்று வேலையின் வரிசையை வைத்துத்தான் இடத்தைத் தீர்மானித்தார்கள். ஒரே ஒருவர் நிற்கும் இடமாக அடுப்படியைச் சுருக்கிவிட்டது என்ற விமர்சனம் பிற்பாடு அதன் மேல் வந்தது, அது நியாயம்தான். ஆனால் உடம்பின் அசைவை அளவுகோலாக எடுத்தார்களே, அதைத்தான் நம்ம கிரைண்டரில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இது பிளாட்காரன் புலம்பல் மட்டுமில்லை. 2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. மேடையே இல்லாத வீடுகளுக்கும் டேபிள்டாப் போனது. ஓர் அறை வீட்டில் அது தரையில்தான் உட்காரும். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, குனிந்து அரைத்து, வாசல் குழாய்க்குத் தூக்கிப் போய்க் கழுவ வேண்டும். ஆட்டுக்கல்லிலிருந்து கிடைத்த விடுதலை பெரிசு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 'மேஜை' என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட பொருள், மேஜை இல்லாத வீட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

"கல் என்றால் கனக்கத்தானே செய்யும்" என்று கேட்கலாம். பாதி சரி. ஆனால் பல டேபிள்டாப் மாடல்களில் கல்லை அழுத்திப் பிடிப்பதில் ஸ்பிரிங் லாக்குக்கும் பங்கு உண்டு. அப்படியென்றால் அழுத்தம் முழுக்க எடையிலிருந்து மட்டும் வரவேண்டியதில்லை. "டில்டிங் இருக்கிறதே" என்பது அடுத்த பதில். நல்ல யோசனைதான், தூக்காமலே மாவைக் கவிழ்க்கலாம். ஆனால் சாய்க்கவும் முன்னால் பாத்திரம் வைக்கவும் கூடுதல் இடம் வேண்டும், அந்த இடம்தான் நம்மிடம் இல்லை. தேங்காய் துருவியும் மாவு பிசையும் கருவியும் கூடவே வருகின்றன. ஒரே மெஷினில் மூன்று வேலை என்பது சின்ன வீட்டுக்கு வசதி போலத் தெரியும். எங்கள் வீட்டில் அவை இரண்டும் வாங்கிய நாளிலிருந்து பரணில் இருக்கின்றன.

நான் கேட்பது நாலே விஷயம். டிரம்முக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. மாவு ஊற்ற விளிம்பில் ஒரு மூக்கு. ஒரு கையால் கழற்றக்கூடிய லாக். டிரம்மை எடுக்காமலே கழுவி, அடியில் ஒரு குழாய் வழியாகத் தண்ணீரை வடிக்கும் வசதி. கடைசியாகச் சொன்னது மட்டும்தான் கஷ்டம், ஏன்னா டிரம்முக்கு அடியில்தான் மோட்டார். மற்ற மூன்றும் தகட்டு வேலை, பிளாஸ்டிக் வேலை.

அதுவரைக்கும் நாங்கள் செய்தது இது. மைக்ரோவேவை ஹாலுக்கு அனுப்பிவிட்டு, அது இருந்த சின்ன ஸ்டூலில் கிரைண்டரை நிரந்தரமாக உட்கார வைத்தோம். அம்மா கல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, டிரம்மை அசைக்காமல் கரண்டியால் மாவை அள்ளுகிறார். காலி டிரம்மை நான் தூக்கிக் கழுவுகிறேன். பாக்கெட் மாவுப் பேச்சு நின்றுவிட்டது. "நீ ஊருக்குப் போற வாரம் மட்டும் வாங்கிக்கலாம்" என்கிறார்.

அந்த ஒரு வாரம்தான் இந்த வடிவமைப்பின் மிச்சக் குறை. உங்கள் வீட்டு டிரம்மை ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள். அதை வாரா வாரம் தூக்குகிறவர் யார் என்றும் பாருங்கள்.