வெட்டிய தலையும் ஒட்டிய தலையும்

28 மில்லிமீட்டர் உயரமுள்ள போர்வீரன் பொம்மைக்கு வர்ணம் பூசுவதைக் கலை என்று சொன்னால் நம் வட்டாரத்தில் சிரிப்பார்கள். வர்ணமற்ற கல்லையும் வெண்கலத்தையும் மியூசியத்தில் பார்த்துப் பழகிய ரசனை நம்முடையது. அதே வெண்கலம் கோயிலில் பட்டும் பூவும் சாத்திக்கொண்டு நிற்பதையும், ஊர் எல்லையில் முனியப்பன் எனாமல் வர்ணத்தில் அரிவாளோடு உட்கார்ந்திருப்பதையும் இந்த ரசனை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. முனியப்பனின் கண்ணும் மீசையும் அளவு மீறியவை, தூரத்தில் வருகிறவனைப் பிடித்து நிறுத்துவதற்காக. பொம்மை வீரனின் தலையும் கைகளும் அளவு மீறியவை, மேஜையருகில் நிற்பவனுக்கு அடையாளம் தெரிவதற்காக. இரண்டும் பார்வையின் தூரத்தை யோசித்துச் செய்த உருவங்கள். ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மேஜைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, விதிப்படி போரிடும் விளையாட்டு மேற்கில் பழசு. எச்.ஜி. வெல்ஸ் 1913ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று அதற்கொரு விதிநூலே எழுதினார். செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தின் மேல் படையெடுப்பதை 1898ல் நாவலாக வெளியிட்ட அதே வெல்ஸ்தான். நிஜப்போரை விடப் பொம்மைப்போர் எவ்வளவோ மேல் என்பது அவர் வாதம். மறுவருஷமே நிஜப்போர் வந்துவிட்டது. அவருடைய இரண்டு ஆசைகளும், அதாவது விஞ்ஞானக் கற்பனையும் பொம்மைப்போரும், பெரிய அளவில் ஒன்று சேர்ந்தது 1987ல், ரிக் பிரீஸ்ட்லி எழுதி கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வெளியிட்ட ‘வார்ஹாமர் 40,000’ விளையாட்டில். இன்று இதை வாங்குகிறவனுக்கு முழுப் பொம்மை கிடைப்பதில்லை. ஒரு சட்டத்தில் தலை தனி, கை தனி, துப்பாக்கி தனி என்று பிளாஸ்டிக் உறுப்புகள் இருக்கும். அவனே நறுக்கி, ஒட்டி, அடிப்பூச்சுக் கொடுத்து, வர்ணம் பூச வேண்டும்.

பெட்டியில் கொடுத்ததைப் பெட்டியில் சொன்னபடி செய்யாதவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. ஒன்றின் தலையை வெட்டி இன்னொன்றின் உடலில் வைக்கிறார்கள். கழுத்தில் மெல்லிய துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகுகிறார்கள். இடைவெளியை எபாக்ஸிப் பசையால் அடைக்கிறார்கள், நம் குழாய்க்காரர்கள் எம்-சீல் பிசைந்து ஒழுகலை அடைப்பது போல. ஆரம்ப வருஷங்களில் காலியான வாசனைப்பூச்சு டப்பாவிலிருந்து பறக்கும் போர்வண்டி செய்யப் பொம்மை விற்ற கம்பெனியே சொல்லிக்கொடுத்தது. இதற்கு ‘கன்வர்ஷன்’ என்று பெயர். ஆங்கிலத்தில் மதமாற்றத்துக்கும் அதே சொல். நான் மாற்றிக்கட்டுதல் என்கிறேன், லாரிக்குப் பாடி கட்டுவது என்கிறோமே, அந்தக் கட்டு.

நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையிலிருந்து வருவது வெறும் சேசிஸ். முகப்பறைகூட இல்லாமல் அது வந்த காலத்தில், ஓட்டுகிறவர் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் அதைக் கொண்டுவந்து சேர்ப்பார். பட்டறையில் மரமும் தகடும் வர்ணமும் திருஷ்டி முகமும் ஏறி அது லாரி ஆகும். திருச்செங்கோட்டில் அதன் முதுகில் துளை போடும் யந்திரமும் ஏறினால் ரிக் வண்டியாகி வடதேசத்துப் பூமியைத் துளைக்கக் கிளம்பிவிடும். ‘வார்ஹாமர்’ உலகில் ஆர்க் என்றொரு முரட்டு இனம் உண்டு. பிறர் வண்டியைப் பிடுங்கி, தகடடித்து, தனதாக்கிக்கொள்ளும். சிவப்புப் பூசினால் வண்டி வேகமாக ஓடும் என்பது அவர்கள் நம்பிக்கை. கற்பனை செய்தவருக்குச் சங்ககிரிப் பட்டறைகள் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. லாரி பயனுக்குக் கட்டுப்பட்டது. பாரம் தாங்காத பாடியைச் சாலையே நிராகரித்துவிடும். பொம்மையின் தலையை மாற்றினால் விளையாட்டில் ஒன்றும் கெட்டுவிடாது. சாலை செய்கிற வேலையை இங்கே விமர்சனம் செய்ய வேண்டியிருக்கிறது: எது மாற்றம், எது வெறும் சேஷ்டை?

கம்பெனி தன் ‘ஒயிட் டுவார்ஃப்’ பத்திரிகை மூலம் தந்த பதில் ஒன்று உண்டு. ‘ஈவி மெட்டல்’ என்ற பெயரில் அதன் சொந்த ஓவியர்கள் பூசிய மாதிரிகள் அவை. பளிச்சென்ற வர்ணம், பள்ளங்களில் கரைத்த நிழல், ஒவ்வொரு விளிம்பிலும் மயிரிழை போல வெளிச்சக்கோடு. கைத்திறன் அபாரம். ஆனால் யாப்பு பிசகாத செய்யுளைப் படித்து முடித்தால் யாப்பு மட்டுமே நினைவில் நிற்கிற மாதிரிதான் இதுவும். அதே கம்பெனியில் வெகுகாலம் கலை இயக்குநராக இருந்த ஜான் பிளாஞ்ச் வேறு வழியில் போனவர். காவி, மண், காய்ந்த ரத்தம் என்று நாலைந்து வர்ணங்களே அவருக்குப் போதும். அவர் கைபட்ட வீரர்கள் கந்தலும் மண்டையோடும் சுமந்து, உள்ளே அழுகிக்கொண்டே நிற்கிறார்கள்.

இதை ருசி பேதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த விளையாட்டின் உலகில் மனிதகுலம் ஒரு சாம்ராஜ்யம். பொன்னாசனத்தில் செத்தும் சாகாமலும் ஒரு சக்கரவர்த்தி. அவனை நிலைநிறுத்த நாள்தோறும் ஆயிரம் உயிர் பலி. 1987ல் இதில் கிண்டல் இருந்தது. ஆனால் கிண்டலைப் பளபளவென்று பூசி அலமாரியில் வைத்தால் அது வழிபாடு ஆகிவிடுகிறது. வெறுப்புச் சின்னங்களை அணிந்துகொண்டு இந்த விளையாட்டுக்கு வருகிறவர்களும் தோன்றினார்கள். 2021 நவம்பரில், அந்தச் சாம்ராஜ்யம் முன்மாதிரி அல்ல, எச்சரிக்கை என்று கம்பெனி அறிக்கை விட வேண்டி வந்தது. உருவம் சொல்ல வேண்டியதை அறிக்கை சொல்லும்படி ஆனது உருவத்தின் தோல்வி. பிளாஞ்ச் வழியில் வந்தவர்கள் வீரனின் கவசத்தலையைக் கழற்றி, குருடனின் முகத்தையோ பிணத்தின் முகத்தையோ வைக்கும்போது, பளபளப்பு மறைத்த அர்த்தம் திரும்பி வருகிறது. இங்கே வெட்டு என்பதே வாசிப்பு.

தலைமாற்று அர்த்தத்தை வெளிக்கொணரலாம் என்றால், புதைக்கவும் செய்யலாம். அதற்கு அந்நிய தேசம் போக வேண்டாம். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று பூஜை கண்டுவந்த கற்சிலையைத் தொல்லியல் துறையினர் ஆராய்ந்தார்கள். தாமரைப் பீடத்தில் அர்த்த பத்மாசனம், தியான முத்திரை, சுருள் முடி, நீண்ட காதுமடல். துண்டிக்கப்பட்ட தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து, உடலோடு சரியாகப் பொருந்தாமல், ஒட்டியிருந்தார்கள். 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அது புத்தர் சிலையே என்றும், முனியப்பனாகப் பூஜை தொடரக் கூடாது என்றும், தொல்லியல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. வழக்கின் சட்டப் பக்கம் என் விஷயமல்ல. கும்பிட்டவர்களின் பக்தியைக் கேலி செய்யவும் எனக்கு உரிமையில்லை. என் கவனம் அந்தப் பெயரில் நிற்கிறது. உருவம் யாருடையது என்பது மறந்துபோயிற்று. அமைதியில் உட்கார்ந்த உடல் உக்கிர தெய்வமாயிற்று. ஆனால் வெட்டு நடந்தது என்பதைப் பெயர் மறக்கவில்லை. எல்லாவற்றையும் பூசி மறைத்த பிறகும் ‘தலைவெட்டி’ என்ற ஒரு சொல் அந்த ஒட்டைக் காட்டிக்கொண்டே இருந்தது.

பொம்மைக்காரர்களின் லட்சியம் ஒட்டு தெரியாமலிருப்பது. உரசி, நிரப்பி, மீண்டும் உரசி, பிறக்கும்போதே இப்படித்தான் பிறந்தான் என்று நம்பவைக்க வேண்டும். கைத்திறனுக்கு இது சரி. கலைக்கு இது போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. பிசகிய ஒட்டு அழகென்று சொல்லவில்லை. இவன் ஏற்கெனவே வேறொருவனாக இருந்தான், யாரோ ஒருவன் யோசித்து இவனை வெட்டினான் என்பது பார்க்கிறவன் மனசில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் மாற்றிக்கட்டிய பொம்மை கடையில் வாங்கிய இன்னொரு பொம்மைதான்.

நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இந்தப் பக்கத்தைத் தாண்டிவிட முடியாது. 1959ல் ‘எழுத்து’ தொடங்கிய நாளிலிருந்து நாம் செய்துவருவதும் மாற்றிக்கட்டல்தான். அந்நியத்திலிருந்து வந்த சட்டத்தில் நம் மண்ணை ஏற்றுகிறோம், அல்லது நம் உடலில் அந்நியத் தலையை வைக்கிறோம். இதில் அவமானம் எதுவுமில்லை. சேசிஸ் வெளியிலிருந்து வந்தது என்பதற்காக நாமக்கல் லாரியை யாரும் போலி என்பதில்லை. ஆனால் கத்தியை எடுக்குமுன் கையிலிருக்கும் உடல் யாருடையது, அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தியானத்தில் இருந்த எத்தனை உருவங்களுக்கு நாம் மீசை வரைந்திருக்கிறோம் என்று யாராவது உட்கார்ந்து கணக்கெடுத்தால், அதுதான் நம் விமர்சனத்துக்கு இன்று தேவைப்படும் வேலை.