நெல் அவிக்கும் கிடாரம் போதும்

வீட்டில் காளான் வளர்க்கலாமே என்று குச்சவெளிப் பக்கம் பேச்செடுத்தால், "அதுக்குப் பெரிய பிரஷர் குக்கர் வேணுமாமே" என்ற பதில் வரும். பேச்சு அத்தோடு நின்றுவிடும். பருப்பு அவிக்கும் குக்கரில் ஒரு காளான் பைகூட நிமிர்ந்து நிற்காது. பை கொள்ளும் அளவுக்குப் பெரியதை வாங்குவது பலருக்கு எட்டாத செலவு. இந்தத் தடை தேவையில்லாத தடை என்பது என் முடிவு. ஆனால் குக்கருக்குப் பதிலாகச் சொல்லப்படும் வழிகள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. அவற்றில் ஒன்று நம் கிணறுகளையே கெடுக்கக்கூடியது. ஆகவே ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குக்கருக்குள் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தத்தில் நீராவியின் சூடு 121 பாகை செல்சியஸுக்கு ஏறுகிறது. புட்டுப் பானையில் எவ்வளவு நேரம் அவித்தாலும் 100 பாகையைத் தாண்டாது. இடையில் உள்ள அந்த 21 பாகையில்தான் சிலவகைப் பற்றீரியாக்களின் வித்திகள் சாகின்றன. கொதிநீரில் அவை பிழைத்துக்கொள்ளும். அவை செத்தே ஆக வேண்டுமா என்பது காளானுக்கு நாம் போடும் சாப்பாட்டைப் பொறுத்தது. அவித்த தானியமும் தவிடும் சத்து நிறைந்தவை. அவற்றில் பிழைத்த ஒரு வித்தி போதும், எல்லாவற்றையும் புளிக்க வைத்துவிடும். வைக்கோல் அப்படியல்ல. அதில் சர்க்கரையும் நைதரசனும் குறைவு. மிச்சமெல்லாம் கடினமான நார். அந்த நாரை உடைத்துத் தின்னச் சிப்பிக் காளானுக்குத் தெரியும், பச்சைப் பூஞ்சைக்கு அந்தளவு தெரியாது. 60 முதல் 80 பாகைச் சூட்டில் ஒரு மணித்தியாலம் வைத்தால் பூஞ்சைகளும் பூச்சி முட்டைகளும் அழியும். சூடு தாங்கிய சில நுண்ணுயிர்கள் மிஞ்சி இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதும் நன்மையே. முற்றாகக் கிருமி நீக்கிய வைக்கோல் வேலியில்லாத வெறுங்காணி போன்றது. முதலில் நுழைவது எதுவோ அதற்கே சொந்தம்.

இலங்கையில் பரவலாகச் சொல்லித்தரப்படும் முறை இறப்பர் மரத்தூள் பைமுறை. 10 கிலோ தூளுக்கு ஒரு கிலோ அரிசித் தவிடு, 200 கிராம் கல்சியம் காபனேற்று, 100 கிராம் பயற்றமா அல்லது சோயா மா, 20 கிராம் எப்சம் உப்பு. நிரப்பிய பைகளைப் பரலுக்குள் அடுக்கி மணிக்கணக்காக ஆவியில் அவிக்கிறார்கள். தென்மேற்கு ஈரவலயத்துக்கு அது பொருத்தமான முறை. திருகோணமலை மாவட்டத்தில் இறப்பர் தோட்டம் ஏது? இங்குள்ள மரக்காலையில் தேக்கு, முதிரை, பாலைத் தூள்கள் கலந்து கிடக்கும். எளிதில் உக்காத மரங்கள் காளானுக்கும் எளிதில் இரையாவதில்லை. இறப்பர் தூளை லொறியில் இறக்கி, தவிட்டையும் கலந்து, அந்தத் தவிட்டுக்காகவே நெடுநேரம் விறகு எரிப்பது சிறுவீட்டுக்குக் கட்டுபடியாகாது. பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வயலில் கிடக்கும் வைக்கோலே இந்த மண்ணின் காளான் தீவனம்.

அதை நெருப்பே இல்லாமல் சுத்திகரிக்க ஒரு வழியை இமாச்சலப் பிரதேசத்தின் சோலன் காளான் ஆராய்ச்சி மையம் பரப்பியது. 100 லீற்றர் நீரில் 7.5 கிராம் கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் 125 மில்லிலீற்றர் போமலினும் கலந்து, வைக்கோலை 16 முதல் 18 மணித்தியாலம் மூடி ஊறவைப்பது. மறைக்காமல் சொல்கிறேன், இது வேலை செய்யும். வட இந்தியாவில் ஏராளமானோர் இதனால் நன்றாக அறுவடை செய்திருக்கிறார்கள். இருந்தும் இதை நான் நிராகரிக்கிறேன். போமலினிலுள்ள போமல்டிகைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. கண்ணெரிச்சலோடு அந்த வாளியைக் கலக்கப்போவது வீட்டுப் பெண்தான், பக்கத்தில் நிற்கப்போவது பிள்ளைகள்தான். வடித்த நீர் எங்கே போகும்? நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரை கரையோரம் மணல், கிணறுகள் ஆழமற்றவை. முற்றத்து மணலில் ஊற்றியது கிணற்றுக்கு வர அதிக நாள் எடுக்காது.

சுண்ணாம்பு முறையைப் பற்றி இப்படி ஒரேயடியாகப் பேச முடியாது. நீற்றுச் சுண்ணாம்பு கரைந்த நீரின் பீஎச் 12ஐத் தாண்டும். அதில் 12 முதல் 24 மணித்தியாலம் ஊறிய வைக்கோலில் போட்டிப் பூஞ்சைகள் அடங்கிவிடும். விறகில்லை, வாயுவில்லை, புற்றுநோய்ப் பயமில்லை. ஆனால் ஒரு லீற்றர் நீரில் ஏறக்குறைய ஒன்றரைக் கிராம்தான் கரையும். மூடாமல் வைத்த சுண்ணாம்பு நீரின் மேல் மெல்லிய ஆடை படிவதைப் பார்த்திருப்பீர்கள். விரலால் தொட்டால் முட்டை ஓடு போல நொறுங்கும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு தின்று தீர்த்த காரம் அது. வைக்கோலும் தன் பங்குக்குக் காரத்தை உறிஞ்சும். ஆகவே லீற்றருக்கு நாலைந்து கிராம் போட்டு இறுக மூட வேண்டும். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வழுவழுக்கும், பிறகு வெடிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

அதைவிடப் பெரிய சிக்கல், எந்தச் சுண்ணாம்பு என்பது. விவசாயக் கடையில் மண்ணுக்குப் போடவென்று விற்கும் டொலமைற்று இதற்கு உதவாது. அது காரத்தை அந்த உயரத்துக்கு ஏற்றாது. மாத்தளை, கண்டிப் பக்கச் சூளைகளின் சுண்ணாம்புக்கு மூலக்கல்லும் பெரும்பாலும் டொலமைற்றுத்தான்; நீற்றிய பின்னும் மக்னீசியம் கலந்தே இருக்கும், அந்தப் பங்கு நீரில் சரியாகக் கரையாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கல்சியம் மிகுந்தது. அதிலிருந்து நீற்றியது கிடைத்தால் நல்லது. பழைய நாளில் கரையோரத்தார் முருகைக்கல்லைச் சுட்டார்கள். அது 1988 முதல் சட்டப்படி தடை, தடையாகவே இருக்கட்டும். புறாத் தீவைச் சுற்றி மிஞ்சியிருக்கும் முருகைக்கல் ஒரு பை காளானுக்காக எரிய வேண்டியதல்ல. வெற்றிலைச் சுண்ணாம்பு சுத்தமானது, ஆனால் 100 லீற்றருக்கு வாங்கிக் கட்டாது. நல்ல சுண்ணாம்பு கைக்கு வருகிறவருக்கு இந்த முறை உகந்தது. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிஞ்சுவது சுடுநீர். நெல் அவிக்கிற கிடாரம் உள்ள வீட்டில் இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. வெப்பமானிகூட வேண்டாம். கடல்மட்டத்தில் இருப்பதால் குச்சவெளியில் நீர் சரியாக 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். நம் கிணற்று நீர் 30 பாகை என்று கொண்டால், ஐந்து குடம் கொதிநீரோடு இரண்டு குடம் கிணற்று நீர் சேரும்போது 80 பாகை வருகிறது. இரண்டு அங்குலமாக நறுக்கி நாலு மணித்தியாலம் ஊறவைத்த வைக்கோல் தன் ஈரத்தோடு சூட்டையும் குடிக்கும் என்பதால், நான் அந்த இரண்டு குடத்தையும் விட்டு முழுக்கக் கொதிநீரே ஊற்றச் சொல்வேன். வைக்கோல் மிதக்காமல் கல்வைத்து அமுக்கி, வாயை மூடி, சுற்றிச் சாக்குப் போர்த்தி, அடியில் தணலை விட்டு ஒரு மணித்தியாலம் வைத்தால் போதும்.

இதற்கு எதிரான வலுவான வாதம் எரிபொருள். 100 லீற்றரை 30இலிருந்து 80 பாகைக்கு ஏற்ற, அடுப்பில் பாதிச் சூடு வீணாகும் என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 900 கிராம் சமையல் வாயு வேண்டும். 2022 சித்திரையில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியதையும், பணமிருந்தும் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியதையும் கண்ட நாட்டில் இது சிறிய ஆட்சேபம் அல்ல. வாயுவை நம்பித்தான் செய்ய வேண்டும் என்றால் என் தீர்ப்பு சுண்ணாம்பின் பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் காய்ந்த பனை மட்டையும் தென்னம் பாளையும் கோம்பையும் வளவிலேயே கிடக்கின்றன. அதனால்தான் இங்கே கிடாரம் வெல்கிறது.

தோற்பவர்கள் பெரும்பாலும் சூட்டில் தோற்பதில்லை, ஆறவைப்பதில் தோற்கிறார்கள். வடித்த வைக்கோலைக் கச்சான் காற்றடிக்கும் திண்ணையில் விரித்தால், காற்று கொண்டுவரும் புழுதியோடு எல்லாப் பூஞ்சையும் திரும்பி வந்துவிடும். வடித்த சாக்கோடு அறைக்குள் தொங்கவிட்டு ஆறவிடுங்கள். பிறகு ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி அரும்பினால் சரி. ஓடினால் இன்னும் வடிய வேண்டும். ஈரம் மிஞ்சிய பையில் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் மைக்காளான்தான்.

சிப்பிக் காளானை மாரியில் வையுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை இங்குள்ள வெக்கைக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 போன்ற பால்காளான் வகையே தாங்கும். அதன் மேல் இடும் மண்ணையும் இதே கிடாரத்தில் அவித்துக்கொள்ளலாம். 1943இலேயே கோயம்புத்தூரில் வளர்த்துக் காட்டிய வைக்கோல் காளானுக்கு ஊறவைத்த வைக்கோல் கட்டே போதும், நம் சூடும் அதற்குப் பிடிக்கும். விளைச்சல் மிகக் குறைவு, குளிர்பெட்டியில் வைத்தாலும் இளகிவிடும் என்பதால் வீட்டுக் கறிக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

காளான் வித்தை மட்டும் வீட்டில் தயாரிக்க இறங்காதீர்கள். அது அவித்த தானியத்தில் வளர்ப்பது, அங்கே 121 பாகைக்கு மாற்று இல்லை. ஜோன் டின்டல் 1877இல் கண்ட, மூன்று நாள் அடுத்தடுத்து அவிக்கும் முறை புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் நம் சமையலறையில் மூன்று நாளும் மூடி திறக்காமல் காப்பது கடினம். குக்கர் வைத்திருப்பவரிடம் வாங்குங்கள். வாங்கும்போது போத்தலை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். வெண்ணிழைக்கு நடுவே எங்காவது பச்சைப் புள்ளியோ, பஞ்சை முகர்ந்தால் புளித்த வாடையோ இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.